உள்ளிருந்து திறக்கும் ஜன்னல் கம்பி

படுக்கையறை ஜன்னலில் கம்பி இல்லாத வீட்டைத் திருவனந்தபுரத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். கரமனை, வலியசாலை அக்ரகாரங்களின் பழைய வீடுகளில் மரச்சட்டத்தைத் துளைத்து இறங்கும் சதுரக் கம்பிகள் இருக்கின்றன. கவடியார், பட்டம் பக்கத்துக் காங்கிரீட் வீடுகளில் பட்டியை வளைத்துப் பூவேலை செய்த கிரில்கள். அண்மைக் காலமாகச் சட்டமும் கம்பியும் ஒன்றாகவே தொழிற்சாலையிலிருந்து வந்து இறங்கும் துத்தநாகம் பூசிய இரும்பு ஜன்னல்கள். வடிவம் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: வெளியே நிற்பவர் உள்ளே வரக்கூடாது. உள்ளே இருப்பவரும் வெளியே போக முடியாது என்பது அந்த வேலையின் மறுபாதி. தீப்பிடிக்கும் வரை அது யார் கண்ணிலும் படுவதில்லை.

சட்டெனத் திறக்கும் கம்பி அந்த மறுபாதியைத் திருத்துகிறது. அசையாமல் நிற்கும் கம்பிகளுக்குப் பதில் கீல் வைத்த கம்பிச் சட்டம், அதை மூடிப் பிடிக்கும் கொண்டி, கொண்டியின் கைப்பிடி அறைக்குள் மட்டும். சாவி கிடையாது, பூட்டு கிடையாது, ஸ்பேனர் தேடும் வேலையும் கிடையாது. ஒரு முறை இழுத்தால் சட்டம் கதவாகத் திறந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பு, தப்பிச் செல்வதற்கான படுக்கையறை ஜன்னலில் கம்பி போட அனுமதிப்பதே இந்த நிபந்தனையின் பேரில்தான். சாவியும் கருவியும் மட்டுமல்ல, தனிப் பயிற்சியும் இல்லாமல் அது உள்ளிருந்து திறக்க வேண்டும் என்கிறது அந்த விதி. இந்தக் கடைசி நிபந்தனைதான் கேட்டபடி செய்வதற்குக் கடினமானது. வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்த சூட்சுமம், ஊரிலிருந்து வந்து ஒரு நாள் தங்கிய உறவினரைக் காப்பாற்றாது.

இரவில் புகை

திருவனந்தபுரம் மாவட்டத்தில், வர்க்கலை அருகே செருன்னியூரில் 2022 மார்ச் 8 அன்று நள்ளிரவு கடந்த நேரத்தில் மாடி வீடு ஒன்று தீப்பிடித்தது. எட்டு மாதக் குழந்தை உட்பட ஒரே குடும்பத்தில் 5 பேர் இறந்தார்கள். ஒருவர் காயங்களுடன் பிழைத்தார். முகப்பில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்கள் எரிந்து போயின. அறைகளில் குளிர்சாதனம் ஓடியதால் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. உயிர்களைக் கொண்டுபோனது பெரும்பாலும் புகை. முகப்பில் வண்டிகள், மாடியில் படுக்கையறைகள், இரண்டுக்கும் நடுவே ஒரே படிக்கட்டு என்ற அமைப்பு மாவட்டம் முழுவதும் காணக்கூடியது. அப்படிப்பட்ட வீட்டில் கீழே தீப்பிடித்தால் முதலில் இழப்பது படிக்கட்டைத்தான். சூடான புகை மேலே ஏறுவதற்கு அதைவிட வசதியான பாதை வீட்டில் இல்லை.

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாக ஒட்டிக்கொள்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் புகை நாற்றத்தால் விழித்துக்கொள்வார் என்பது பலரும் நம்பும் விஷயம். ஆனால் உறக்கத்தில் மோப்பம் நம்பத்தகுந்த காவல் அல்ல. எழுந்தவருக்கும் நேரம் குறைவு. பஞ்சு மெத்தையும் மரக் கட்டிலும் இருந்த அறை எரிவதற்கும், நுரை மெத்தையும் பாலியெஸ்டர் திரையும் நிறைந்த அறை எரிவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் யூ.எல். நிறுவனம் இரண்டு விதமான அறைகளையும் எரித்துப் பார்த்த சோதனைகளில், அறையிலுள்ள எல்லாம் ஒரே வீச்சில் பற்றிக்கொள்ளும் கட்டத்தை எட்டப் பழைய பாணி அறைக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக ஆயிற்று. புதிய பாணி அறைக்கு 5 நிமிடம்கூட ஆகவில்லை.

ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை என்பதும் இங்கே முக்கியம். அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. கதவிடுக்கில் புகுந்த புகையை அது வெளியேற்றாது. அறை முழுக்கச் சுற்றவிடும். ஆனாலும் சாத்திய கதவு நல்லதுதான். நடையில் இருக்கும் வெப்பத்தையும் புகையையும் அது பல நிமிடங்கள் தடுத்து நிறுத்தும். சாத்திய கதவுக்குப் பின்னால் இருப்பவருக்கு மீதமுள்ள வழி ஜன்னல் மட்டுமே என்பதால்தான் கம்பியைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

வெளியிலிருந்து வருபவர்களுக்கும் கம்பி தடைதான். செங்கல்சூளை நிலையத்திலிருந்து கிளம்பும் தீயணைப்பு வண்டி அக்ரகாரத்தின் குறுகலான தெரு முனையிலேயே நின்றுவிடலாம். வீரர்கள் குழாயையும் ஹைட்ராலிக் வெட்டுக்கருவியையும் சுமந்து நடந்து வந்து ஒவ்வொரு கம்பியாக அறுக்க வேண்டும். டெல்லி அனாஜ் மண்டியில் 2019 டிசம்பர் 8 விடியற்காலையில் தொழிற்கூடக் கட்டடம் ஒன்று எரிந்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த 40க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தபோது, வெளியேறும் வழியாக இருந்திருக்க வேண்டிய ஜன்னல்களில் இரும்புக் கம்பிகள் இருந்தன. தனி வீடுகளில் இதையெல்லாம் யாரும் வந்து பரிசோதிப்பதில்லை. பெரிய கட்டடங்களைப்போலத் தீயணைப்புத் துறையின் சான்று அவற்றுக்குத் தேவைப்படாததால், பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது.

திறப்பின் அளவு

ஜன்னல் பெரிதாக இருப்பதும் அதன் வழியே ஆள் நுழைய முடிவதும் வேறு வேறு. பிரிட்டனின் கட்டட விதிகள் தப்பும் ஜன்னலுக்குக் குறைந்தது 0.33 சதுர மீட்டர் திறப்பு கேட்கின்றன. அகலமும் உயரமும் தனித்தனியே 45 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. திறப்பின் அடி, தரையிலிருந்து 110 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. 45க்கு 75 என்று வைத்தால் பரப்பு சரியாக வந்துவிடும். அமெரிக்க விதி இன்னும் தாராளமானது: சுமார் 51 சென்டிமீட்டர் அகலம், 61 சென்டிமீட்டர் உயரம், மொத்தப் பரப்பு 0.53 சதுர மீட்டர். முதுகில் காற்றுச் சிலிண்டரோடு தீயணைப்பு வீரர் உள்ளே நுழையவும் இடம் வேண்டும் என்ற கணக்கு அதில் அடங்கியிருக்கிறது.

கேரளத்து ஜன்னல் சறுக்குவது இந்த இடத்தில்தான். மூன்று கதவு ஜன்னல் பார்வைக்கு ஒன்றரை மீட்டர் அகலம். ஆனால் நடுச்சட்டங்கள் இரண்டு அதை மூன்றாகப் பிரிக்கின்றன. சட்டத்தின் கனம், கதவு உட்காரும் காடி எல்லாம் போக ஒரு பகுதியில் மிஞ்சுவது பெரும்பாலும் 40 சென்டிமீட்டரை ஒட்டித்தான். அதற்குள் 3 சென்டிமீட்டர் கனமுள்ள கம்பிச் சட்டம் வேறு உட்கார்ந்தால் ஒல்லியான ஆளே திணற வேண்டும். பழைய ஜன்னலைத் திருத்தும்போது டேப் பிடித்துப் பார்க்க வேண்டியது கல் திறப்பை அல்ல; கம்பிச் சட்டம் முழுவதும் விரிந்த நிலையில் எஞ்சும் இடைவெளியை. அது 45க்குக் குறைந்தால் ஒரு நடுச்சட்டத்தை எடுத்துவிட்டு இரண்டு பகுதியை ஒன்றாக்குவதே வழி. புதிதாகக் கட்டுகிறவர்கள் தச்சரிடம் ஒரே ஒரு வரி சொன்னால் போதும்: படுக்கையறைக்கு ஒரு ஜன்னலிலாவது ஒரு பகுதியை 60 சென்டிமீட்டர் அகலமாக வைக்க வேண்டும். கூடுதல் செலவு மிகச் சிறியது.

எல்லா ஜன்னலுக்கும் திறக்கும் கம்பி தேவையில்லை. அறைக்கு ஒன்று போதும். மற்றவை அசையாத கம்பியாகவே இருக்கலாம். பழுது பார்க்க வேண்டிய உறுப்புகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது. எந்த ஜன்னல் என்பதைத் தீர்மானிப்பது அதற்கு வெளியே இருப்பது. பக்கத்துச் சுவர் ஒட்டி நிற்கும் அக்ரகார வீடுகளில் முன்பக்கம், பின்பக்கம் தவிர ஜன்னலுக்கே இடமில்லை. தேர்வு தானாக நடந்துவிடுகிறது. மாடி அறைகளில் கீழ்த்தள ஜன்னலின் சன்ஷேடு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாடி ஜன்னலின் அடி தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், விளிம்பைப் பிடித்துத் தொங்கும் பெரியவரின் காலுக்கும் மண்ணுக்கும் இடையே 2 மீட்டர் அளவுக்கு வீழ்ச்சி மிஞ்சும். சன்ஷேடு இருந்தால் கால் ஏறத்தாழ அதன் மேல் படும். ஆனால் அது மழைக்காகப் போட்ட மெல்லிய பலகை. ஓரத்தில் கால் வைக்காமல் சுவரை ஒட்டி நிற்க வேண்டும், மழைக்காலத்தில் பாசி வழுக்கும். ஜன்னலடியில் மாட்டித் தொங்கவிடும் மடக்கு ஏணியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பது இதைவிட உறுதியான ஏற்பாடு. படுக்கையை விட்டு எழ முடியாத முதியவருக்கு எந்த ஜன்னலும் வழியாகாது. அவருடைய அறை கீழ்த்தளத்தில், நேராக வெளியே திறக்கும் கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்து கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின், துளைகள் விட்டு அடுக்கிய செங்கல் ஜாலிச் சுவர்களைப் பற்றி இங்கே ஒரு சொல். கம்பியும் கண்ணாடியும் மரமும் இல்லாமல் காற்று, வெளிச்சம், திருடர் பயமின்மை மூன்றையும் செங்கல்லே தருவது அவருடைய ஜாலியின் அழகு. உள்ளூர்–ஆக்குளம் சாலைக்கு அருகிலுள்ள வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் அதைக் காணலாம். புகையும் ஓரளவு வெளியேறும். ஆனால் ஆள் வெளியேற முடியாது. ஜாலிச் சுவருள்ள படுக்கையறைக்கும் திறக்கக்கூடிய ஒரு ஜன்னலோ இரண்டாவது கதவோ வேண்டும்.

கொண்டி

இந்த அமைப்பின் உயிர் கொண்டியில் இருக்கிறது. அதனிடம் இரண்டு முரண்பட்ட வேலைகளை எதிர்பார்க்கிறோம். இருட்டில், புகையில், நடுங்கும் கையோடு இருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அது உடனே திறக்க வேண்டும். வெளியே ஒரு மணி நேரம் பொறுமையாக நின்று, வளைத்த கம்பியால் துழாவும் திருடனுக்குத் திறக்கவே கூடாது.

பூட்டுப் போட்டு, சாவியை ஜன்னல் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைப்பதுதான் வீடுகளில் வழக்கமாகக் காணும் சமரசம். அது இரண்டு வேலையையும் செய்யாது. சாவி ஆணியில் இருந்தால் திருடனின் கம்பிக்கு எட்டும். எட்டாத இடத்தில் இருந்தால் தீப்பிடித்த இரவில் கைக்குக் கிடைக்காது. கொண்டியில் பூட்டு மாட்டுவதற்கான துளையையே வைக்கக்கூடாது. துளை இருந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போது யாராவது பூட்டு மாட்டுவார்கள். திரும்பி வந்த பிறகு அதைக் கழற்ற நினைவிருக்காது.

சரியான தீர்வு கைப்பிடி நகரும் திசையில் இருக்கிறது. கேரளத்து ஜன்னலில் மரக் கதவு வெளிப்பக்கம் திறக்கும். கம்பி அதற்கு உள்ளே இருக்கும். எனவே கம்பிச் சட்டம் அறைக்குள்தான் திறந்தாக வேண்டும். கைப்பிடியையும் அறையை நோக்கி, அதாவது திறப்பவர் தம் பக்கமாக இழுக்கும்படி அமைத்தால், வெளியே நிற்பவன் கொக்கி மாட்டி இழுப்பது தவறான திசையில் போய்விடும்: அவனால் தன் பக்கம்தான் இழுக்க முடியும், இழுக்க இழுக்கக் கொண்டி இறுகும். அவனுக்கு மிச்சமுள்ளது கோலால் பின்னாலிருந்து தள்ளுவது. அதற்குத் தடையாகக் கைப்பிடியின் பின்னால், 2 மில்லிமீட்டர் தகட்டில் ஒரு பெட்டி. ஜன்னல் பக்கம், மேல், கீழ், இரு பக்கவாட்டு என ஐந்து முகமும் மூடி, அறையைப் பார்க்கும் முகம் மட்டும் திறந்திருக்கும். 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நுழையும் கை தோள் வரை வந்தாலும் 70 சென்டிமீட்டர் அளவுக்கு எட்டும். ஆனால் பெட்டியைத் தாண்டிப் போய் முழங்கையை முற்றாகத் திருப்பித் திரும்பி வர வேண்டும். பெட்டியைச் சுற்றி ஒரு கை நீளத்துக்குக் கம்பிகளுக்கு நடுவே துளைத் தகடு வைத்துவிட்டால் அந்த வழியும் அடையும்.

கைப்பிடியைச் சுவரில் தள்ளி வைத்து, கம்பித்தண்டு வழியாகக் கொண்டியை இயக்கும் வகையும் உண்டு. அமெரிக்காவில் தரையருகே காலால் மிதிக்கும் வகைகூட விற்கிறார்கள். திருடனுக்கு எட்டாத தூரம் என்பது அவற்றின் பலம். இணைப்புகள் பெருகுவதும், புகையில் தடவித் தேடுபவர் ஜன்னலில் தேடுவாரே தவிரச் சுவரில் தேடமாட்டார் என்பதும் பலவீனம். உப்புக்காற்று வீசும் ஊரில் சட்டத்திலேயே பொருத்திய கைப்பிடி மேலானது. மின்சாரத்தில் இயங்கும் பூட்டு வேண்டாம். மின்சாரம் போனால் தானே திறந்துகொள்ளும் வகை என்றால் மின்தடை நேரத்தில் காவல் இல்லை. மின்சாரம் போனால் பூட்டிக்கொள்ளும் வகை என்றால் தீயில் அது சிறை.

அறைக்குள் திறக்கும் சட்டத்தை வெளியிலிருந்து இழுத்தால் அது நிலைச்சட்டத்தின் காடியில் மோதி நிற்கும். அந்தத் திசையில் பலம் அதிகம். உள்ளே தள்ளினால் தாங்குவது கொண்டித் தண்டுகள் மட்டும். எனவே ஒரு கைப்பிடி இரண்டு தண்டுகளை நகர்த்த வேண்டும்: மேலே ஒன்று, கீழே ஒன்று, 16 மில்லிமீட்டர் கனம், நிலைச்சட்டத்தின் துளைக்குள் 2 சென்டிமீட்டர் நுழைவு. கீல் பக்கத்தில் இரண்டு குட்டையான முளைகளைப் பற்ற வைத்து, சட்டம் மூடும்போது அவை எதிர்த் துளைகளில் தாமாக உட்காரும்படி செய்தால், கீலின் ஊசியை யாராவது அறுத்தாலும் சட்டம் கழன்று வராது. ஸ்பிரிங் வைப்பதானால் அது உடைந்தாலும் கையால் இழுத்துத் திறக்க முடிய வேண்டும்.

கைப்பிடியின் உயரம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர். சூடான புகை கூரையிலிருந்து கீழ்நோக்கித் தடித்துக்கொண்டே வருவதால், குனிந்து வருபவரின் கைக்கு அது எட்டியாக வேண்டும். மாடி அறையில் கைக்குழந்தையோ தவழும் பிள்ளையோ இருந்தால் கவலை நியாயமானது: திறக்கத் தெரிந்த பிள்ளைக்கு விழவும் வழியாகும். அந்த வீட்டில் கைப்பிடியைச் சிறு பிள்ளையின் எட்டுதலுக்கு மேல், ஒன்றேகால் மீட்டர் வரை உயர்த்தி, இழுக்கக் கொஞ்சம் கூடுதல் பலம் கேட்கும்படி வைப்பார்கள். ஜன்னலடியில் நாற்காலி, கட்டில் போடாமல் பார்த்துக்கொள்வார்கள். கம்பி இடைவெளியும் 10 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும்.

பட்டறையும் சுவரும்

12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ. 50 சென்டிமீட்டர் அகலமும் 110 உயரமும் உள்ள சட்டத்துக்கு உள்கம்பி நான்கும் சுற்றுக்கம்பியும் சேர்த்து எட்டரை கிலோவை ஒட்டி வரும். இதைச் சிறுவனும் இழுத்துத் திறப்பான். முழு ஜன்னலையும் ஒரே சட்டமாகச் செய்தால் எடை மூன்று மடங்காகிக் கீல் தொங்கிவிடும். ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குக் குறையாத ஊசியுள்ள மூன்று கீல்கள், ஒவ்வொன்றிலும் பித்தளை புஷ். கீல் ஊசிக்குக் கடற்கரைப் பகுதியில் 316 ரக எவர்சில்வர் எடுப்பது நல்லது. 304 ரகம் சங்குமுகம், வலியதுறை, விழிஞ்ஞம் காற்றில் பழுப்புக் கறை ஏறத் தொடங்கும்; 316-இல் சேர்ந்துள்ள 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் உப்பைத் தாக்குப்பிடிக்கிறது.

பழைய மரச்சட்டத்தில் வேலை செய்யுமுன் அதன் அடிப்பகுதியை ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். கரையான் தின்ற பலாவோ அஞ்சிலியோ மேலே பெயிண்ட் மின்ன நின்றாலும் உள்ளே தூளாக இருக்கும். மரம் உறுதியாக இருந்தால் பழைய கம்பிகளைச் சட்டத்தோடு சமமாக அறுத்துவிட்டு, 30க்கு 30க்கு 5 ஆங்கிள் இரும்பில் ஒரு நிலைச்சட்டம் செய்து, 25 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கனத்த திருகாணி போட்டு மரத்தில் இறக்கலாம். மரம் கெட்டிருந்தால் நேராகச் சுவரில்தான். செங்கல் சுவரிலும் காங்கிரீட்டிலும் 10 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் போதும். பூச்சைக் கடந்து சுவருக்குள் 8 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும், ஜன்னல் ஓரத்திலிருந்து அதே அளவு தள்ளியிருக்க வேண்டும். ஹாலோ பிளாக் சுவர் என்றால் விரியும் ஆங்கர் உள்வெற்றிடத்தில் சுவரையே பிளக்கும். சல்லடைக் குழாயோடு கெமிக்கல் ஆங்கர் வைப்பதே சரி. வெளியிலிருந்து தொடக்கூடிய போல்ட் தலை எதுவும் திருப்பக்கூடியதாக இருக்கக்கூடாது. சுற்றிலும் 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால்தான் மழைக்காலத்தில் மரம் ஊதும்போது சட்டம் சிக்காது.

வெல்டிங் முழுவதும் பட்டறையிலேயே முடிந்துவிட வேண்டும். வீட்டில் கம்பி அறுப்பது தவிர்க்க முடியாது. கிரைண்டர் பொறி மெத்தையிலும் திரையிலும் விழுந்து மணிக்கணக்கில் புகைந்து பிறகு பற்றக்கூடும். மெத்தை, திரை, கொசுவலை எல்லாவற்றையும் அறையை விட்டு அகற்றி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வேலை முடிந்த பிறகு ஒரு மணி நேரக் கண்காணிப்பும் வேண்டும்.

துருவும் பெயிண்டும்

திறக்கும் கம்பி பெரும்பாலும் உடைந்து கெடுவதில்லை; ஒட்டிக்கொண்டு கெடுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். கீல் ஊசியைச் சுற்றி அரை மில்லிமீட்டர் இரும்பு துருவானாலே இடைவெளி முழுதும் நிறைந்து கீல் இறுகிவிடும். உலோக அரிப்பை அளக்கும் சர்வதேசத் தரத்தில் கடுமையான கடலோரச் சூழல் என்று வகுத்த இடங்களில், பாதுகாப்பில்லாத இரும்பு ஆண்டுக்கு 50 முதல் 80 மைக்ரான் வரை தேயும். துத்தநாகம் 2 முதல் 4 மைக்ரான் வரைதான் தேயும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த கனத்த இரும்பின் மேல் 85 மைக்ரான் பூச்சு கிடைக்கும். கடலலைத் துளி படாத தெருவில் அது இருபது ஆண்டுக்குக் குறையாமல் நிற்கும். துளையிடுவதும் பற்றவைப்பதும் முடிந்த பிறகே முக்க வேண்டும். பின்னால் வெல்டிங் பட்ட இடத்தில் துத்தநாகம் ஆவியாகிப் போய்விடும். முக்கியெடுக்க வசதியில்லாதபோது துத்தநாகத் தூள் மிகுந்த எபாக்சி பிரைமர் இரண்டாம் தேர்வு. வழக்கமான ரெட் ஆக்சைடு மட்டும் கடற்காற்றுக்கு ஈடுகொடுக்காது.

துருவைவிட அடிக்கடி கொண்டியைக் கெடுப்பது பெயிண்ட். ஓணத்துக்கோ கல்யாணத்துக்கோ வீடு வெள்ளையடிக்கும்போது, பெயிண்டர் கம்பியோடு சேர்த்துக் கீல், தண்டு, துளை எல்லாவற்றுக்கும் எனாமல் பூசிவிடுவார். காய்ந்த எனாமல் நல்ல பசை. இரண்டு பூச்சில் 16 மில்லிமீட்டர் தண்டு துளையோடு ஒன்றாகிவிடும். வேலை தொடங்குமுன் இந்த உறுப்புகளில் டேப் ஒட்ட வேண்டும். முடிந்த மறுநாளே திறந்து பார்க்க வேண்டும். பூச்சு பிடித்திருந்தால் பிளேடால் கோடு கிழித்து விடுவிக்கலாம்.

எண்ணெய் விஷயத்தில் சமையலறைப் பக்கம் போகாதிருப்பது நல்லது. நல்லெண்ணெய் போன்றவை காற்றுபட்டு நாளடைவில் பிசினாகும். கனத்த கிரீஸ் கடற்கரை மணலைப் பிடித்துக்கொண்டு அரைக்கும். சிலிகான் ஸ்பிரே அல்லது கிராஃபைட் தூள் போதும். ஆண்டில் இரண்டு முறை, மே கடைசியில் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் அக்டோபரில் துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும், உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, காய்ந்தபின் பூச வேண்டும். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வீடுகளில் கழுவுவது மட்டும் மாதம் ஒரு முறை.

சோதனை

பராமரிப்பு முடிந்த கையோடு வறண்ட நாளில் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. ஜூலை நடுவில், நாலு நாள் தொடர்ந்து மழை பெய்து மரம் ஊதிக் கிடக்கும்போது பார்க்க வேண்டும். இரண்டு தண்டும் துளையும் மிக இறுக்கமாக இருப்பது அப்போதுதான் தெரியும். திறப்பவர் அந்த அறையில் தூங்குவோரிலேயே பலம் குறைந்தவராக இருக்க வேண்டும். விளக்கை அணைத்து, கட்டிலிலிருந்து தொடங்கி, தொட்டுத் தடவி. கைப்பிடியில் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கர் மெல்லிய இருட்டில் உதவும், புகையில் உதவாது. அதனால் கை பழகியிருப்பதே முதன்மை. மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசைக் கைப்பிடியில் மாட்டி இழுத்தால் எவ்வளவு பலம் ஆகிறது என்று எண்ணாகவே தெரியும். அமெரிக்க உயிர்ப்பாதுகாப்பு விதித்தொகுப்பு கதவுத் தாழை விடுவிக்க 67 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 7 கிலோ இழுப்பு என்று எல்லை வைத்திருக்கிறது. ஜன்னல் கொண்டிக்கும் அதையே எல்லையாகக் கொள்ளலாம். 5 கிலோவைத் தாண்டும்போதே கீலைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுவது நல்லது.

கம்பி திறந்தாலும் அதற்கு வெளியே மரக்கதவு இருக்கிறது. மேல் தாழ், கீழ் தாழ், காற்றுக் கொக்கி என்று மூன்று தடை அதில் உண்டு. ஊதிய கதவு தாழ் எடுத்தபின்னும் அசையாமல் நிற்கும். தப்பும் ஜன்னலின் கதவில் கீழ்த் தாழ் ஒன்றே போதும். விளிம்பை இழைத்து விட வேண்டும். தள்ளுகிற யு.பி.வி.சி. ஜன்னல் பாதிதான் திறக்கும் என்பதால் பாதியின் அகலத்தை அளக்க வேண்டும். கொசுவலை வெல்குரோவில் ஒட்டியதானால் கையாலேயே பிய்த்துவிடலாம். திருகாணி போட்ட எவர்சில்வர் வலைச் சட்டமானால் அதுவே இன்னொரு கம்பி. சட்டம் விரியும் பாதையில் பீரோ, மேசை, கட்டிலின் தலைப்பலகை எதுவும் நிற்கக்கூடாது. பாதி விரிந்த சட்டம் திறப்பைப் பாதியாக்கும்.

கொண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் தூங்குபவரை அது எழுப்பாது. புகை உணர்கருவி ஒன்று படுக்கையறைக்குள்ளும், இன்னொன்று அறைக் கதவுக்கு வெளியே நடையிலும் வேண்டும். மாடி வீடானால் படிக்கட்டின் தலையில் ஒன்று. மாதம் ஒரு முறை பொத்தானை அழுத்திப் பார்க்கும் அதே நாளில் ஜன்னல் கைப்பிடியையும் இழுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வழக்கமாகிவிடும். புகை உணர்கருவியைத் தயாரித்த தேதியிலிருந்து பத்து ஆண்டில் மாற்ற வேண்டும். கம்பிக்கு அப்படித் தேதி இல்லை. தண்டு துளையில் ஆடும் அளவு 2 மில்லிமீட்டரைத் தாண்டும்போது தண்டையும், மூடும்போது சட்டத்தின் முனை கீழே உரசத் தொடங்கும்போது கீலையும், நிலைச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக் கணீர் என்ற ஓசைக்குப் பதில் மந்தமான ஒலி கேட்கும்போது ஆங்கர் போல்ட்டையும் மாற்ற வேண்டும். மாற்றிய ஒவ்வொரு முறையும் தராசு மாட்டி இழுத்துப் பார்க்கும் சோதனை முதலிலிருந்து நடக்க வேண்டும்.